க்ளோவிஸின் குரல் இருந்த தட்டு

நூமா ரோஷோன் பாடிய பாட்டு ஒரு கோடைக்காலம் முழுக்க நியூ ஆர்லியன்ஸில் கிளெய்போர்ன் சாலைப் பக்கம் எந்த மதுக்கடைக்குள் நுழைந்தாலும் கேட்டது. முடிதிருத்தும் கடையில் கேட்டது, மீன் வறுத்து விற்கிற கடையில் கேட்டது. அவன் அம்மா வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அங்கேயும் அந்த இசைத்தட்டு தினமும் சுழலத்தான் செய்தது. ஆனால் பாட்டு தொடங்குவதற்குள் அம்மா முள்ளைத் தூக்கிவிடுவாள்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பாட்டைப் பதிவு செய்த நாளிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நூமாவின் அப்பா சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசுகிற கொத்தனார். அவர் போன பிறகு அந்த வேலை நூமாவுக்கு வந்தது. பகலில் காரை பூசுவான், இருட்டியதும் கையைக் கழுவிக்கொண்டு ஒரு மதுக்கடையில் பியானோ வாசித்துப் பாடுவான். தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி கொஞ்சம் கரகரப்பான குரல். பெண்களுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அவனிடம் ஒரே ஒரு குறை. அவசரம். விரல்கள் பாட்டை முந்திக்கொண்டு ஓடும். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்த தம்பி க்ளோவிஸ்தான் அவனைப் பிடித்து நிறுத்துவான். குதிரையின் கடிவாளத்தை இழுப்பதுபோல் இழுத்து வைப்பான் என்று கடைக்கு வருகிறவர்களே சொல்வார்கள்.

அம்மா ஒடீல் கார்னிவல் ஊர்வலத்துக்கு உடுப்புகள் தைப்பவள். வருஷம் முழுக்க வீட்டில் ஜிகினாவும் இறகும் பறந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் இரண்டு பையன்களும் சட்டியைச் சுற்றி நின்று பறக்கும்போது அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மெதுவாடா, அடுப்புல ஒண்ணும் கருகல." கேட்டுக் கேட்டு அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. செருப்பைத் தேடினாலும் அதுதான், தேவாலயத்தில் பூசைக்குக் கிளம்பத் தாமதமானாலும் அதுதான்.

வானொலிப் பெட்டி விற்கிற கோவல் என்ற வெள்ளைக்காரர் தன் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில் ஒரு டேப் மெஷினை வைத்துக்கொண்டு இசைத்தட்டு போடத் தொடங்கியிருந்தார். மஞ்சள் ஒட்டுத்தாளில் நாரை படம் போட்ட தட்டுகள். நூமாவின் பாட்டை மதுக்கடையில் கேட்டுவிட்டு ஒரு பிற்பகல் அவனையும் ஆட்களையும் வரச் சொன்னார். பாட்டின் பெயர் 'குடையை விட்டுட்டுப் போயிட்டே'. விட்டுப் போன பெண்ணைப் பற்றி நூமாவே கட்டியது.

அன்றைக்கு அந்த அறைக்குள் ரொட்டி சுடலாம், அவ்வளவு புழுக்கம். பதற்றத்தில் நூமா ஒவ்வொரு தடவையும் பாட்டை விரட்டிக்கொண்டு ஓடினான். சாக்ஸபோன் வாசித்த ஃபெர்டி வயதில் மூத்தவர். அவர் வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டார்.

"ரயிலைப் பிடிக்கணுமா தம்பி? சொல்லு, நான் வேணா பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நூமா சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கோவல், டேப் முடியப் போகிறது, இதுதான் கடைசி என்று கையைக் காட்டினார். மெஷின் ஓடத் தொடங்கியது. நூமா விரல்களைக் கட்டைமேல் வைத்தான். அப்போது பின்னாலிருந்து க்ளோவிஸ், அம்மாவின் இழுவையோடு அப்படியே சொன்னான்:

"மெதுவாடா நூமா, அடுப்புல ஒண்ணும் கருகல."

சொல்லிவிட்டு அவனே மூக்கால் சிரித்தான். நூமாவின் தோள் தளர்ந்தது. பாட்டு நடக்க வேண்டிய நடையில் நடந்தது. முடிந்ததும் கோவல் வெளியே வந்தார்.

"அந்தப் பேச்சு முன்னாடி பதிஞ்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும். பக்கத்து வீட்ல நின்னு கேட்கிற மாதிரி இருக்கு."

இப்படித்தான் க்ளோவிஸின் குரல் தட்டுக்குள் போனது. தட்டு வந்தபோது அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "என்னையா கேலி பண்றே? ஊரெல்லாம் கேட்கிற மாதிரி?" என்று க்ளோவிஸின் முதுகில் ஒன்று வைத்தாள். தெருவில் அவளைப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் அதையே சொல்லிவிட்டு ஓடினார்கள்.

பாட்டு மிசிசிப்பிப் பக்கமும் போய்ச் சேர்ந்ததால் அங்கே ஆட்டக் கூடங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஃபெர்டியின் நீளக் காரில் வாத்தியங்களை அடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு ஊரில், காலையிலிருந்தே க்ளோவிஸுக்கு வயிற்று வலி.

"நேத்து அந்தக் கெளுத்தி மீனைத் தின்னாதேன்னு சொன்னேன்ல," என்றான் நூமா.

"மீன் இல்லடா. இது வேற மாதிரி இருக்கு."

"இன்னிக்கு ஆட்டம் முடியட்டும். முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போவோம். உன்னை விட்டா இங்க யாரு அடிக்கிறது?"

பஞ்சு மூட்டை அடுக்குகிற கொட்டகையில் ஆட்டம். க்ளோவிஸ் கடைசிப் பாட்டு வரைக்கும் அடித்தான். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அதனால்தான் நூமா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்து திரும்பியபோது தம்பியின் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. முதல் ஊர் ஆஸ்பத்திரியில் கறுப்பர்களுக்குப் படுக்கை கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊரில் கறுப்பர் பகுதி என்று ஒன்று இருந்தது. அதற்கான டாக்டர் காலையில்தான் வருவார் என்றார்கள். மூன்றாவது ஊருக்குப் போகிற வழியில், பின் இருக்கையில், டிரம்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மடங்கிப் படுத்தபடியே க்ளோவிஸ் போய்விட்டான். உள்ளே குடல்வால் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்பாள், என்னடா செய்தாய் என் பிள்ளையை என்று கேட்பாள் என நூமா காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. பூசை நடந்தது. பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னால் நடக்க, தெருவே கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தது. அம்மா கறுப்புடையில் நிமிர்ந்து நடந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரே கூரையின் கீழே இரண்டு குடித்தனம். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒரு பக்கம் அம்மாவும் க்ளோவிஸும். மறுபக்கம் நூமாவும் அவன் மனைவி எர்லீனும். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, நூமா முகத்தில் நுரை பூசிக்கொண்டு சவரத்துக்கு நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து க்ளோவிஸ் பேசினான்.

"மெதுவாடா நூமா, அடுப்புல ஒண்ணும் கருகல."

கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது. நுரையும் ரத்தமுமாக அம்மா வாசலுக்கு ஓடினான். அவள் தட்டுப் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முள் அவள் விரலில் தூக்கியபடி இருந்தது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"காபி இருக்கு. ஊத்திக்கோ," என்றாள்.

"அம்மா..."

"முகத்தைத் தொடைடா. ரத்தம் வருது."

அன்றிலிருந்து தினமும் அதுதான். சிக்கரிக் காபி கொதிக்கிற வாசனை வரும். பிறகு ஸ்டூல் இழுபடுகிற சத்தம். பிறகு க்ளோவிஸின் குரல், அந்த மூக்குச் சிரிப்பு. பியானோவின் முதல் சுரம் வருவதற்குள் முள் மேலே போய்விடும். சில நாள் ஒரு தடவை, சில நாள் திரும்பத் திரும்ப. நூமா வேலைக்குச் சீக்கிரம் கிளம்பக் கற்றுக்கொண்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருந்தாக வேண்டும்.

கோவல் அவனை வைத்து இன்னொரு தட்டு போட்டார். வேறு ஒருவன் டிரம்ஸ் அடித்தான். நூமா தன் போக்கில் ஓடினான், நிறுத்த ஆள் இல்லை. அந்தத் தட்டை யாரும் வாங்கவில்லை. மதுக்கடையில் பாடும்போது முதுகுக்குப் பின்னால் காது போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் போவதை நிறுத்தினான். கடைக்காரரும் தேடி வரவில்லை. அந்த இடத்தில் ஒரு இளைஞன் கிடார் வாசிக்க வந்துவிட்டான். நூமாவுக்குப் பகல் வேலை மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூட உணவகத்தில் சமைத்த எர்லீன் வாய்க்கு அஞ்சாதவள். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாமியாரிடமே கேட்டுவிட்டாள்.

"மிஸ் ஒடீல், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பாட்டை ஊரே கேட்டுச்சு. பெத்தவ நீங்க ஒரு நாளாவது முழுசா கேட்கக் கூடாதா? அதுவும் உங்க பிள்ளை பாடினதுதானே?"

ஒடீல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"முழுசா கேட்டா என் சின்னவன் அதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருப்பான்மா. அன்னிக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அடிச்சானாமே. ஊருக்கு வந்த அன்னிக்கே ஃபெர்டி சொன்னான். ஆட்டம் முடியட்டும்னு இவன் சொன்னானாம். அதையும் சொன்னான்."

நூமா சுவருக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அடக்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் காபி ஊற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய் நின்றான். என்ன சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் பாதி தைத்த ஒரு சட்டையை அவன் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

"அசையாம நில்லு. இந்த உடுப்புக்காரனும் உன் அளவுதான்," என்றாள்.

அவன் அசையாமல் நின்றான். அந்தப் பேச்சு அதற்குமேல் அவர்களுக்குள் நடக்கவே இல்லை.

அந்தத் தட்டு சாதாரண பிளாஸ்டிக் தட்டு. முள் பட்டுப் பட்டுத் தேய்கிற சாமான். மற்ற வீடுகளில் தேய்ந்தால் பாட்டு முழுக்க ஒரே சீராகத் தேயும். இங்கே தொடக்கம் மட்டும் தேய்ந்தது. முதலில் மூக்குச் சிரிப்பு போயிற்று. பிறகு 'அடுப்புல' என்ற சொல் எண்ணெயில் பொரிகிற சத்தத்துக்குள் அமிழ்ந்தது. நூமா சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி தம்பி கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா ஒருநாள் பலகைச் சுவரைத் தட்டினாள்.

"நூமா, இந்தத் தட்டுக்கு என்னமோ ஆச்சுடா. அவன் பேசவே மாட்டேங்கறான்."

அவன் புது முள் வாங்கிப் போட்டுப் பார்த்தான். சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்தான். பிறகு வேறு தட்டு தேடிக் கிளம்பினான். வீட்டில் இருந்த மற்ற பிரதிகளை அந்தக் கோடையிலேயே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்திருந்தான். கடைகளில் இல்லை. மதுக்கடைகளில் காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸுகளுக்குத் தட்டு மாற்றுகிற ஆளைப் பிடித்தான். அந்த ஆள் ஒரு சாக்கு நிறையப் பழைய தட்டுகளைக் கொட்டினான். அதில் நாரை படம் போட்டவை சில இருந்தன. ஆனால் ஜூக்பாக்ஸ் முள் கலப்பை மாதிரி. எல்லாம் உழுது கிடந்தன.

கோவலைத் தேடிப் போனான். அவர் தட்டு போடுவதை விட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். கிழடு தட்டிவிட்டது. ஆனாலும் நூமாவை நினைவிருந்தது.

"டேப் இருக்கா மிஸ்டர் கோவல்? அந்த ஒரு பாட்டு போதும்."

"அப்போ டேப் விலை உனக்குத் தெரியாது நூமா. ஒண்ணுமேலேயே இன்னொண்ணைப் பதிவு பண்ணுவேன். உன் பாட்டுக்கு மேல யார் பாட்டு இருக்கோ. தட்டு வார்க்கிற தகடெல்லாம் பழைய இரும்போட போச்சு." சற்று யோசித்துவிட்டு, "நல்ல பாட்டு அது. எதுக்கு இப்போ?" என்றார்.

"சும்மாதான்," என்றான் நூமா.

கடைசியில் ஃபெர்டிதான் ஒரு வழி சொன்னார். கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒன்பதாம் வார்டின் கீழ்ப் பகுதியில், யூலாலி என்று ஒரு அம்மாள் வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்துவந்தாள். அவள் கல்யாணத்தில் புருஷனோடு முதலில் ஆடியது இந்தப் பாட்டுக்குத்தான். தட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், கல்யாண நாளுக்கு மட்டும் எடுப்பாள் என்றார். நூமா போய்க் கேட்டான். யூலாலிக்கு அவன் யார் என்று தெரிந்ததும் வாயெல்லாம் பல். ஆனால் தட்டைத் தர மனம் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் போயிட்டாரு மிஸ்டர் ரோஷோன். எனக்கு அவருன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். ஆனா உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க. எப்ப வேணும்னாலும் போடறேன்."

ஒடீல் பூசைக்குப் போகிற தொப்பியை அணிந்துகொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். முன்னறையில் பெண்கள் தலையை முடி காயவைக்கிற சூட்டு இயந்திரத்துக்குள் விட்டபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யூலாலி துணியைப் பிரித்துத் தட்டை வைத்தாள். க்ளோவிஸ் அறைக்குள் வந்து நிற்பதுபோல் பேசினான். சிரித்தான். ஒடீலின் கை தானாக மேலே எழுந்தது, முள்ளைத் தூக்கச் சொல்லி. யூலாலிக்கு அது புரியவில்லை. கை அசைத்துத் தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பியானோ வந்தது, டிரம்ஸ் வந்தது, நூமாவின் குரல் வந்தது. இயந்திரத்துக்குள் இருந்த பெண்கள் பாதத்தைத் தட்டினார்கள். ஒருத்தி கூடவே பாடினாள். ஒடீல் கையை மெல்ல மடிக்குக் கொண்டுவந்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நூமா கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பாலம் தாண்டிய பிறகு சொன்னாள்.

"நடுவுல ஒரு இடத்துல ஒரு அடி விட்டுட்டு அடிக்கிறான் பாரு. சும்மா விளையாட்டுக்கு."

"ஆமாம்மா. அது அவனோட பழக்கம்."

"நல்லா இருந்துச்சு."

பாடினதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று அவன் வீட்டு வாசல் வரைக்கும் எதிர்பார்த்தான். அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உளுந்தளவு ஜிகினாக்களைத் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சில தடவை போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் யூலாலி முழுப் பாட்டையும் ஓடவிட்டாள். ஒடீலும் உட்கார்ந்திருந்தாள். எர்லீன்கூட, "அத்தை இப்போ கொஞ்சம் சாப்பிடறாங்க," என்றாள். அந்தச் செப்டம்பரில் பெட்ஸி புயல் வந்தது. கால்வாய்க் கரை உடைந்து ஒன்பதாம் வார்டின் கீழ்ப் பகுதி கூரை வரைக்கும் தண்ணீரில் நின்றது. யூலாலியைக் கூரைமேலிருந்து படகில் இறக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் நூமா மண்வெட்டியோடு போனான். முன்னறையில் முழங்கால் அளவு சேறு. சூட்டு இயந்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. யூலாலியும் அவனும் கையாலேயே துழாவினார்கள். தட்டு கிடைத்தது. துணி அதைச் சுற்றியபடிதான் இருந்தது. ஆனால் வெயிலில் காய்ந்த அப்பளம் போல நெளிந்திருந்தது. மணல் வரிகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் யூலாலி. "அன்னிக்குக் கேட்டப்பவே குடுத்திருக்கலாம்."

"உங்க தட்டு அம்மா அது. நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேட்கறீங்க?"

பிறகு நூமா அவளுக்குக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அம்மாவிடம் தட்டு கிடைக்கவில்லை என்று சொன்னான். அவள் சரி என்றாள். மறுநாள் காலையில் பழையபடி தன் தட்டையே வைத்தாள். வெறும் பொரிகிற சத்தம். ஆனாலும் பழக்கத்தில் சரியான இடத்தில் முள்ளைத் தூக்கினாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவனைக் கூப்பிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரல்னு சின்ன வயசுல எல்லாரும் சொல்லுவாங்க. நீ சொல்லேன் அதை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"வேணாம்மா."

"ஒரு தடவைதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நூமா அவளுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டான். க்ளோவிஸ் சொன்ன மாதிரியே, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துச் சொன்னான். சிரிக்க மட்டும் வரவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், இன்னும் ஏதோ வர வேண்டியது இருப்பதுபோல.

"இல்ல," என்றாள் கடைசியில். "விடு. போய் வேலையைப் பாரு."

அடுத்த தவக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்திலேயே போனாள். நூமா தேய்ந்த தட்டை ஒரு ஜிகினாத் துணியில் சுற்றி அவள் கைக்குக் கீழே வைத்தான். பாதிரியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எந்த வடிவத்திலும் அவன் வீட்டில் இல்லை. கொஞ்ச காலத்தில் கிளெய்போர்ன் சாலையில் வரிசையாக நின்ற கருவாலி மரங்களை வெட்டிச் சாய்த்து நடுவில் மேம்பாலம் கட்டினார்கள். அவன் பாடிய மதுக்கடை இருந்த இடத்தில் ஒரு தூண் வந்தது. காரை பூசுகிற வேலையும் குறைந்தது. கிடைத்த வேலையைச் செய்தான். வீட்டிலிருந்த பழைய பியானோவைக் கரையான் தின்றது. பலகையை உடைத்து வேலிக்கு அடித்தான்.

அவன் தலை முழுக்க நரைத்த பிறகு ஹாலந்திலிருந்து ஒரு இளைஞன் தேடி வந்தான். யூப் என்று பெயர். உயரமான, வெயிலில் சிவந்துபோன பையன். நூமாவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மிகவும் மகிழ்கிறேன்."

"எனக்கே சில நாள் சந்தேகம்தான். உட்காருங்க," என்றான் நூமா. எர்லீன் சிரித்துவிட்டாள்.

கோவல் காலத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து ஒரு பெரிய தட்டாகப் போடப் போவதாக யூப் சொன்னான். நூமாவின் பாட்டில் கீறல் விழாத ஒரு பிரதி கிடைத்திருக்கிறதாம். நூமா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கீறலே இல்லையா? தொடக்கத்துலகூட?"

"இல்லவே இல்லை ஐயா. புதிது போல இருக்கிறது."

பியானோ முன்னால் உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றான். வீட்டில் பியானோ இல்லை. தேவாலயக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பியானோ பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. மூடிய பலகைமேல் கைகளை வைத்து நூமா உட்கார்ந்தான். யூப் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஒரு வருஷம் நூமா வேறு மனிதனாக இருந்தான் என்று எர்லீன் பிறகு சொல்வாள். தட்டுப் பெட்டியைப் பழுது பார்த்து வைத்தான். நவம்பரில் இறந்தோர் திருநாளுக்குக் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனபோது அம்மாவிடமும் தம்பியிடமும் என்னவோ முணுமுணுத்தானாம். தட்டு வந்த அன்று எர்லீன்தான் பிரித்தாள். பின்னட்டையில் பூட்டிய பியானோவோடு அவன் படம். அவன் நாற்காலியை இழுத்துப் பெட்டியருகே போட்டுக்கொண்டான்.

முள் இறங்கியது. நேராகப் பியானோ வந்தது.

"முதல்லேருந்து போடு."

"இதுதான் முதல்."

"இல்ல எர்லீன். இன்னும் முன்னாடி வை."

அவள் முன்னால் வைத்தாள். ஒரு நொடி அமைதி, பிறகு பியானோ. திரும்பவும் வைத்தாள். திரும்பவும் பியானோதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வைக்கவில்லை.

வசந்த காலத்தில் யூப் இசை விழாவுக்கு வந்தபோது எட்டிப் பார்த்தான். தட்டு எப்படி இருக்கிறது என்று ஆவலோடு கேட்டான்.

"நல்லா இருக்கு. ஆனா முன்னாடி ஒரு பேச்சு இருக்குமே தம்பி?"

"ஆமாம் ஐயா, யாரோ பேசுகிற சத்தம் இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டோம். இப்போது பாட்டு சுத்தமாகத் தொடங்குகிறது இல்லையா?"

"வெட்டின துண்டு இருக்கா?"

"அதை யார் வைத்திருப்பார்கள்?" யூப் சிரித்தான்.

"அந்தத் தட்டு?"

"ஒரு சேகரிப்பாளரிடம் கடன் வாங்கியது. அவர் போன மாதம் இறந்துவிட்டார். அவருடைய மனைவி எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிட்டார். யாருக்கு என்று தெரியவில்லை. ஏன் ஐயா?"

எர்லீன் வாயைத் திறந்தாள். நூமா அவள் மணிக்கட்டில் கை வைத்தான்.

"ஒண்ணுமில்ல. வெளியூர்லேருந்து வந்திருக்கீங்க. கம்போ குழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

யூப் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். விழாவில் பாட வருகிறீர்களா என்று கேட்டான். விரல் மடங்கவில்லை என்று நூமா சொன்னான். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை. எர்லீன் அடுப்பில் சிவப்புக் காராமணியை ஏற்றிவிட்டு வானொலியைத் திருகினாள். ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் நடத்துகிற நிலையம். அதில் ஒரு இளைஞன் பழைய பாட்டுகளைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். புதுத் தட்டிலிருந்து 'குடையை விட்டுட்டுப் போயிட்டே' வந்தது. நூமா மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் அந்த இளைஞன் சொன்னான்:

"நம்ம ஊர்க்காரர், நூமா ரோஷோன். பாவம், ஆள் செத்து ரொம்ப வருஷமாச்சு. மிசிசிப்பிக்குப் பாடப் போன இடத்துல வயித்து வலின்னு கேள்வி."

எர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன பேசறான் இவன்? நான் இப்பவே போன் போட்டுச் சொல்றேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கே. அவன் உன்னைச் சாகடிச்சுட்டான்."

"விடு எர்லீன். யாரோ சொன்னதைச் சொல்றான்."

அவள் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, இணைப்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். நூமா வெங்காயத்தை உரித்து முடித்துக் கத்தியைக் கழுவி வைத்தான். வானொலியில் அந்த இளைஞன் அடுத்த பாட்டைப் போட்டான். அது வேறு யாரோ பாடியது.